கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் நடுவில், நாங்கள் பிடோக் வட்டாரத்தில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மகள் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்வந்தாள். அதில் தேறினால் ஆபீஸ் வேலைக்கு மாறிவிடலாம் என்று பெரிய ஆசை அவளுக்கு.

முதலில் வாங்கியது டிவியோடு சேர்க்கிற கம்ப்யூட்டர். அவள் எழுதியதெல்லாம் பாட்டுக் கேட்கிற கேசட்டில்தான் இருக்கும். கேசட்டை ஓடவிட்டால் கீச்சுக்கீச்சென்று கத்தும். நல்லபடி ஏறுகிறதா, நடுவில் கெட்டுவிட்டதா என்று சமையலறையில் நின்றபடியே நான் சொல்லிவிடுவேன். "அம்மா, ஏறிடுச்சா?" என்று குளியலறையிலிருந்து கேட்பாள். "ஏறல, திரும்பப் போடு" என்பேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த விஷயத்தில் என் காது ஒருநாளும் தப்பியதில்லை.

பிறகு அதைக் கொடுத்துவிட்டு வேறு வகை வாங்கினாள். பச்சை எழுத்து, தனித் திரை. கேசட்டுக்குப் பதிலாக அப்பளம் மாதிரி மெல்லிசாக, சதுரமாக, கறுப்பாக ஒரு டிஸ்க். பழைய கேசட்டை இது படிக்காதாம். ஏன் படிக்காது என்று கேட்டேன். அவள் சொன்னாள், எனக்குப் புரியவில்லை. இரண்டும் கம்ப்யூட்டர்தானே? வகுப்பில் கொடுக்க வேண்டிய வேலை முழுவதையும் வாரக்கணக்கில் உட்கார்ந்து மறுபடி தட்டினாள். பக்கத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. பழைய கம்ப்யூட்டருக்கும் கேசட்டுக்கும் வருஷா வருஷம் பொட்டு வைத்தவள் நான். புதுசை விடுவேனா? அவள் ஷிப்டுக்குப் போயிருந்தாள். டிஸ்க்கைக் காகித உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கறுப்பு மூடியில் ஒரு திறப்பு. அதன் வழியாக உள்ளே பழுப்பாகப் பளபளவென்று தெரிந்தது. மூடி அதற்குச் சட்டை மாதிரி. சட்டை மேலா பொட்டு வைப்பார்கள்? திறந்திருந்த அந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடுவதில்லை. நன்றாகக் காய்ந்துவிட்டது.

காலையில் எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, சாயங்காலம் இதத்தான் கொடுக்கணும். வேற காப்பி இல்ல."

"பொட்டுதானே வச்சேன்? பழசுக்கும் வச்சேனே, அது நல்லாத்தானே ஓடுச்சு?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது என்ன ஆனது என்று தெரிந்திருக்கும். டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே பஸ் ஏறினேன். தேக்காவில் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குத்தான் போனோம்.

கம்ப்யூட்டர் விற்ற சீனர் டிஸ்க்கை வாங்கி முகர்ந்து பார்த்தார். "சாமி கும்பிட்டீங்களா?" என்று மலாயில் கேட்டார். அந்த மொழி எனக்கு வரும். ஆமாம் என்றேன். கடை மூலையில் இருந்த சின்னச் சிவப்பு மாடத்தைக் காட்டினார். ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. "நானும் கும்பிடுறேன். ஆனா வெளியில மட்டும், லா" என்று அவர்கள் பாணியில் இழுத்தார். மகளுக்கு அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது.

பிளேடால் கறுப்புச் சட்டையின் ஓரத்தைக் கீறி உள்ளே இருந்த வட்டத்தை உருவினார். நேரே குழாயடிக்குப் போய், பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தொட்டு, விரல் நுனியால் தடவிக் கழுவினார். பொட்டு ஆகாதாம், சோப்பு ஆகுமாம். இது என்ன நியாயம்? துணியால் ஒற்றி, காற்றாடி முன்னால் உலரவைத்து, வேறொரு டிஸ்க்கின் சட்டையைத் திறந்து அதற்குள் போட்டு மிஷினில் செருகினார்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஷினுக்குள்ளே கட் கட் என்று ஒரு சத்தம். கொஞ்சம் நின்றது. திரும்ப, சீராகக் கட் கட் கட். வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் ஊமை என்றல்லவா நினைத்திருந்தேன்.

"ஏறுது" என்றேன்.

"இரும்மா, இன்னும் ஒண்ணும் வரலியே" என்றாள் மகள். அவள் வாய் மூடுவதற்குள் திரையில் பச்சை எழுத்து வரிசையாக இறங்கியது. கடைசியில் ஒரு துண்டு மட்டும் வரவில்லை. கடையிலேயே உட்கார்ந்து அதைத் தட்டி முடித்தாள். அவர் வேறொரு டிஸ்க்கிலும் ஏற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே கொடுத்தாள், தேறினாள், ஆபீஸ் வேலைக்கும் மாறினாள். கடைக்காரருக்கு மறுநாள் சுண்டல் கொண்டுபோனேன். உறைப்பு என்று சொல்லிக்கொண்டே முழுவதும் சாப்பிட்டார்.

சந்தனத்தில் கெட்டது சோப்புத் தண்ணீரில் எப்படிச் சரியானது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு எத்தனையோ கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சரஸ்வதி பூஜை அன்று எதையும் நான் விடுவதில்லை. இதற்கு நெற்றி எது என்று மட்டும் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் சந்தனக் கிண்ணத்தில் விரலை வைக்கிறேன்.