வெட்டியெடுத்த பிள்ளையார்

கைவேலைச் சாமான் விற்கும் கடைக்குள் நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன். பூப்போட்ட நாலு தாளுக்கு அவர்கள் கேட்கும் விலைக்கு ஒரு கோழி வாங்கிச் சமைக்கலாம். அதனால் மகளின் கல்யாண மண்டப வாசலில் வைக்க வேண்டிய அல்பத்தை, அவளுடைய சின்ன வயதுப் படங்களை ஒட்டி, எறிகிற சாமான்களிலேயே செய்வதென்று முடிவெடுத்தேன்.

சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில் நான் துப்புரவு செய்யும் கடையில் சுவருக்கு ஒட்டும் கடதாசி விற்கிறார்கள். பழைய மாதிரிப் புத்தகங்களை எறிவார்கள். கேட்டு வாங்கி வந்தேன். தடித்த தாள், பசைக்குச் சுருங்காது. ஓரத்துக்கு சொக்கிலேட் பெட்டி ரிபன். படங்களுக்குப் பின்னால் கடித உறைகளின் உட்பக்கத்து நீலக் கோடுகள். மூன்று மாத வேலை. அல்பம் அழகாக இருந்தது. அடக்கத்துக்காக அதை மறைக்கப் போவதில்லை.

முதல் பக்கத்துக்கு ஒரு பிள்ளையார் வேண்டும். எங்கள் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. பழைய பேப்பரைக் கட்டி வீதியோரம் வைக்கும் நாளில் எல்லாம் போகும், கல்யாண அழைப்புக் காட் மட்டும் போகாது. பிள்ளையாரைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? வருடக்கணக்கான காட்டுகள் அலுமாரிக்கு மேல் கிடந்தன. பொன்னிறத்தில் எழும்பி நின்ற ஒரு பிள்ளையாரை வெட்டி ஒட்டினேன். யாருடைய காட் என்று பார்க்கவில்லை. பெயர்கள் இருந்த பாதியைப் பேப்பரோடு கட்டி வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்க, கணவரின் அக்கா பலகாரம் சுட வந்தார். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு அல்பத்தைத் திறந்தவர் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

"இது என்ர பிள்ளையின்ர காட் எல்லோ?"

அவருடைய மகள் கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் விவாகரத்து எடுத்தவள்.

"எல்லாப் பிள்ளையாரும் ஒரே மாதிரித்தானே மச்சாள்," என்றேன்.

"நெத்தியில சிவப்புக் கல்லு வைக்கச் சொல்லிக் கொழும்பில அடிப்பிச்சது நான். எனக்குத் தெரியாதோ? குத்திக் காட்டவெண்டே ஒட்டினனியோ?"

"காசை மிச்சம் பிடிக்க ஒட்டினது. உங்களைக் குத்த எனக்கு எங்க நேரம்?"

"ஓம், ஓம். உனக்குக் குப்பை பொறுக்கத்தான் நேரம்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். குப்பை என்ற பிறகு அது என் வாயில் வரவில்லை.

"கழட்டித் தா. என்ர பிள்ளையின்ர பிள்ளையார் இஞ்ச இருக்க வேண்டாம்."

தலைமுடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துப் பசையை இளக்கினேன். பிள்ளையார் தாளின் தோலையும் உரித்துக்கொண்டு வந்தார். மச்சாள் அதைக் கைப்பைக்குள் வைத்து, முறுக்கு மாவைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வேலையால் வந்த மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி அழுதுகொண்டு போன் எடுத்தவா."

"வேறொண்டு வெட்டி ஒட்டுறன்."

"வேற ஆற்ர காட்டை? அவையும் கண்டுபிடிச்சால்? பைன்லிக், அம்மா."

எங்களைப் பார்த்து வெட்கப்படும்போது இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வாயில் வருகிற சொல் அது.

"விடுங்கோ அம்மா. மாப்பிள்ளை வீட்டாக்களும் வருவினம். இது சுவர்க் கடதாசியெண்டு அவைக்கும் தெரியும்."

பிரச்சினை பிள்ளையார் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

"முதலே ஏனடி சொல்லேல்லை?"

"நீங்கள் ஆசையாச் செய்தீங்கள்."

போனைத் திறந்து காட்டினாள். மூன்று கிழமைக்கு முன்பே ஒரு அல்பம் அச்சடிக்கக் கொடுத்திருந்தாள். நான் வேலையில் நின்ற நேரம் பார்த்து நான் ஒட்டிய படங்களையெல்லாம் போனில் படமெடுத்திருக்கிறாள். மச்சாள் அந்தக் காட்டைக் காணாமல் விட்டிருந்தாலும் என் அல்பம் மண்டபத்துக்குப் போயிருக்காது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் மினுங்கும் தாளோடு அவளுடைய அல்பம் இருந்தது. மச்சாள் வரவில்லை. வந்தவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாச் செய்திருக்கிறியள்," என்று என்னிடம் சொன்னார்கள். ஓம் என்றேன். பக்கத்தில் நின்ற மகளும் திருத்தவில்லை.