தவிட்டுக்கு வாங்கிய ஈ

எனக்குப் பூனைக்கண். வீட்டில் மற்ற மூவருக்கும் கன்னங்கரேலென்ற கண்கள். எங்கள் சித்தப்பாவுக்கு இது போதாதா? ஞாயிறானால் மேனாம்பேட்டிலிருந்து சைக்கிள் மிதித்து எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். "இன்னா பூனக்கண்ணு, உன்னத் தவுட்டுக்கு வாங்கினு வந்த கதைய உங்கம்மா சொல்லிச்சா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள், அதுதான் எனக்குத் தாங்காது.

மற்ற பிள்ளைகள் என்றால் அழுதுவிட்டு மறந்துவிடும். நானோ மாட்டுத்தீவனக் கடைக்கே போய்த் தவிடு என்ன விலை என்று விசாரித்த ரகம். அவ்வளவு மலிவா நான்! என்னை விற்றவர்கள் என்றைக்காவது திரும்ப வந்து கேட்டால் அம்மா கொடுத்துவிடுவாளோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

அக்கா அப்போது கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே பழ ஈக்களைப் பாட்டிலில் வளர்த்து, எந்தக் குஞ்சுக்கு யாருடைய குணம் வருகிறது என்று பார்ப்பார்களாம். "ஊட்டுக்குள்ள ஈ கீ வந்துச்சு, வெளக்கமாறு பிஞ்சிடும்" என்று அம்மா சொல்லிவிட்டதால், வீட்டில் அவளுக்குப் பாசிமணிதான் ஈ.

என் மூஞ்சியைப் பார்த்தவள் இரண்டு டம்ளர்களை முன்னால் வைத்தாள். ஒன்று அப்பா ஈ, ஒன்று அம்மா ஈ. இரண்டிலும் சிவப்பு மணி பாதி, வெள்ளை மணி பாதி.

"ரெண்டுக்குமே நீள எறக்கதான். ஆனா குட்ட எறக்கைய உள்ள ஒளிச்சி வச்சிகினு கீது. கண்ண மூடிகினு இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு எடு. ஒரு செவப்பு இருந்தாகூட நீள எறக்க. ரெண்டும் வெள்ளன்னா குட்ட எறக்க."

எடுத்தேன். நீளம். மணிகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கி எடுத்தேன். மறுபடி நீளம். எடுக்க எடுக்க நீளம்தான். எனக்கு உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. "எடுடி" என்றாள் அக்கா. எடுத்துக் கண்ணைத் திறந்தால், உள்ளங்கையில் இரண்டும் வெள்ளை. நீள இறக்கை அப்பா அம்மாவுக்குக் குட்டை இறக்கைப் பிள்ளை!

ஐயோ, அந்தச் சந்தோஷம்! ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவை வாசலிலேயே மறித்து, "நீதான் அப்பா ஈ! பூனக்கண்ண உள்ள ஒளிச்சி வச்சிருக்க!" என்று கத்தினேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார். "பெத்த அப்பன ஈங்கறா பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்று நான் மூன்று தோசை தின்றேன்.

அந்த மணிகள் சொன்னது, இப்படியும் ஒரு பிள்ளை பிறக்கலாம் என்பதை மட்டும்தான். நான் அவர்களுக்குத்தான் பிறந்தேன் என்று அவை சொல்லவே இல்லை. அக்காவுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, துண்டில் சுற்றிய என்னை முதலில் மடியில் வாங்கியவளே அவள்தான். அதை எத்தனையோ முறை சொல்லியும் இருந்தாள். போடி பொய்க்காரி என்றிருந்தேன். கூடப்பிறந்தவள் சொல்லி நம்பாதவள், ஈ சொன்னதும் நம்பிவிட்டேன்.