சேர்த்துக் கட்டிய கறுப்பு வயர்கள்

எங்கள் மைக் செட் கடையில் முப்பது வருடமாக வயர் கட்டுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்; அதை யாரிடமும் சொன்னதில்லை.

மருமகள் வூஃபர் என்ற பெரிய ஸ்பீக்கர்களுக்காகத் தானே கிளாஸ்-டி என்ற புது வகை ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று செய்தாள். குலசேகரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அதைக் கொண்டுபோனோம். அவள் சாப்பிடப் போனதும், பெட்டியில் அவள் ஒட்டியிருந்த சீட்டை வாசிக்காமல், பழைய பெட்டிக்குச் செய்வதுபோல இரண்டு வூஃபரின் கறுப்பு வயர்களையும் சேர்த்துக் கட்டிச் சுவிட்சைப் போட்டேன். பட்டென்று வெடித்துப் புகைந்தது.

"என்னக்கா, தாலி கெட்டுறதுக்கு முன்னாலயே வெடியா?" என்றார் பெண்ணின் அப்பா.

"மருமவ செஞ்ச பெட்டி. நான் அப்பமே வேண்டாம்னேன்" என்றேன்.

ஓடி வந்த மருமகள் குனிந்து வயர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என் தப்புதான் அண்ணாச்சி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பழைய பெட்டியை எடுத்து வைத்தாள்.

அடுத்த மாதம் வேறு பெட்டி செய்தாள். அதில் சீட்டு இல்லை. இரண்டு கறுப்பு வயர்கள் சேர்வதுபோல வரைந்து, மேலே நகப்பூச்சால் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"அன்னைக்குச் சேத்துக் கெட்டினது நான்தான் மக்கா."

"தெரியும் மாமி. பாட்டைப் போடுங்க."

அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் மட்டும்தான் சொன்னேன். மிச்சப் பேருக்கு இங்கே சொல்கிறேன்.