மாமாவைக் கூட்டிவரப் போனோம்

என் மாமா தன் பொண்டாட்டி வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார் என்பது எனக்கு ஏழெட்டு வயதிலேயே தெரியும். ஜொகூரில், மாசாயில் இருந்த எங்கள் வரிசை வீட்டுக்கு வந்துபோகிற உறவுக்காரர்கள் எல்லாரும் அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். "உன் தம்பி அங்கயே உக்காந்துட்டானா?" என்று கேட்பார்கள். அம்மா தேநீர் கலக்க எழுந்து போய்விடுவார். அந்த ஊரில் குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டிருந்ததால், மாமா ஒரு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதாகவே நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போய்விட, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து அவரைப் படிக்கவைத்தவர் அம்மாதான். படிப்பு முடிந்ததும் மாமா சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போவார். அங்கேதான் தாதியாக இருந்த அத்தையைப் பார்த்தார். அத்தை இந்தியாவின் வடகிழக்கு மலையில், ஷில்லாங்கைச் சேர்ந்த காசி இனத்துப் பெண். கல்யாணத்தை அம்மாவே முன்னின்று நடத்திவைத்தார். ஆனால் அத்தை அவர்கள் வீட்டில் கடைசிப் பெண். அந்த இனத்தில் வீடும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் கடைசி மகளுக்குத்தான். கட்டிக்கொள்கிறவர்தான் அங்கே போக வேண்டும். அத்தையின் தாயாருக்கு உடம்பு முடியாமல் போனதும் இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். காசி என்றதும் உறவில் பாதிப் பேர் மாமா சாமியாராகப் போய்விட்டதாக நினைத்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு, அதற்கு இது தேவலையா என்று அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு மாமா ஜொகூர் பக்கம் வரவே இல்லை. தீபாவளிக்குக் கூப்பிடுவார். அம்மா, "சாப்பிட்டியா? ம். சரி," என்று சொல்லி வைத்துவிடுவார்.

எனக்குப் பதினோரு வயதான வருஷம் மாமா திடீரென்று எங்களை அழைத்தார். சித்திரை மாதத்தில் அங்கே நடனத் திருவிழா. விளைச்சலுக்கு நன்றி சொல்லி, அடுத்த விதைப்பை ஆரம்பிக்குமுன் ஆடுவார்களாம். அத்தையின் அக்கா மகள் முதல்முறையாக ஆடப்போகிறாள். "நீங்க வந்தே ஆகணும்க்கா," என்றார். அம்மா உடனே சரி என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளியில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில், நான் பின்னால் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அம்மா அப்பாவிடம் சொன்னார்: "டான்ஸ் பாக்கவா போறேன்? கையோட கூட்டிட்டு வந்துருவேன்."

இரண்டு விமானம் மாறி, பிறகு மலைப்பாதையில் வாடகைக் காரில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை போட்ட மரவீடு. வாசலில் ஆரஞ்சு மரம். மாமா உட்கார்ந்திருக்கவில்லை. முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பெரிய பானையில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் ஈரக்கையோடு ஓடிவந்து, தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அம்மா அந்தக் கைகளைத்தான் பார்த்தார்.

"உன்ன இதுக்கா படிக்க வெச்சேன்?" என்றார்.

"இங்க ஆஸ்பத்திரி வேலைக்கு இன்னிக்கி லீவுக்கா. வீட்ல விருந்தாளி வேற," என்று சிரித்தார் மாமா.

மறுநாள் காலை, சால்வை போர்த்திய ஒரு பெரியவர் வந்து கூடத்தில் நல்ல நாற்காலியில் அமர்ந்தார். யார் எங்கே நிற்பது, எந்த வண்டியில் போவது என்று எல்லாவற்றையும் அவரிடம்தான் கேட்டார்கள். அம்மா மெதுவாக மாமாவிடம் கேட்டார். "யாரு இவரு? உனக்கு முதலாளியா?"

"என் வீட்டுக்காரியோட அண்ணன்க்கா. இந்த வீட்டுக்குத் தாய்மாமன். இவருக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடக்காது."

"அப்புறம் ஏன் வெளியிலருந்து வர்றாரு?"

"அவரு இருக்கறது அவரு பொண்டாட்டி வீட்ல. இங்க எல்லா ஆம்பளையும் அப்படித்தான் லா."

அம்மா முகம் கொஞ்சம் குழம்பியது. ஆனால் வந்த காரியத்தை விட்டுவிடுகிறவர் அல்ல அவர்.

ஆடப்போகிற அக்காவுக்கு உள்ளறையில் அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. வெல்வெட் ரவிக்கை, அதன்மேல் இரண்டு தோளிலும் குத்திவிடும் நீளமான பட்டு, பவளமும் பொன்னுமாகக் கோத்த கனத்த மாலை, தலையில் கிரீடம். பட்டு ஒரு பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. ஊக்கு தீர்ந்துவிட்டது போலிருந்தது. ஆளாளுக்குத் தேடினார்கள். கதவோரம் நின்றிருந்த அம்மா, உள்ளே போய், தன் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கை எடுத்து அந்தப் பட்டைக் குத்திவிட்டார். பிறகு மடிப்பு சரியில்லை என்று அதை அவிழ்த்து, மறுபடி மடித்துக் குத்தினார். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் புடவை கட்டிவிட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அத்தையின் அக்கா ஏதோ சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா மலாயில் பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

மைதானத்தை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. பெரிய மேளமும் கூடவே ஒரு குழலும். எங்கள் கோயில் நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குரல். சாமி எங்கே என்று நான் தேடினேன். சாமி இல்லை. நடுவில் பெண்கள், வெறுங்காலோடு, கண்ணைத் தாழ்த்தி, வரிசை வரிசையாக நின்றார்கள். அவர்களைச் சுற்றித் தலைப்பாகை கட்டிய ஆண்கள் வாளையும் வெள்ளைச் சாமரத்தையும் ஏந்திப் பெரிய வட்டமாகச் சுற்றிவந்தார்கள்.

"மாமா, அக்கா எப்ப ஆடுவாங்க?"

"ஆடிக்கிட்டுத்தான் இருக்கா. கால் விரலப் பாரு."

பார்த்தேன். கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. விரல்கள் மட்டும் மண்ணைப் பற்றிப் பற்றி, இருந்த இடத்திலிருந்து நூலளவு நகர்ந்திருந்தன. இதற்காகவா இவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தோம் என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"பொண்ணுங்கதான் விதைய வெச்சிருக்கறவங்க. ஆம்பளைங்க சுத்தி நின்னு காவல் காக்கறாங்க. அதான் இந்த ஆட்டம்," என்றார் மாமா.

அம்மா அதற்காகவே காத்திருந்தவர் போலப் பேச ஆரம்பித்தார். "காவல் காக்கறதப் பத்தி நீ சொல்றியா?"

மாமா திரும்பிப் பார்த்தார். அம்மா என்னைக் காட்டினார்.

"இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோ சடங்கு வெக்கிற மாதிரி வரும். முன்னால நின்னு சீர்த்தட்டு தூக்கறதுக்கு ஆள் யாரு? தாய்மாமன் எங்கன்னு சபையில கேப்பாங்க. பொண்டாட்டி வீட்ல அரிசி களையறான்னு சொல்லவா? நீ எங்களோட கெளம்பு. உம் பொண்டாட்டியையும் கூட்டிக்க. வேணாங்கல."

தட்டு தூக்க ஏன் அப்பாவால் முடியாது என்று நான் யோசித்தேன். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற அத்தையின் அண்ணன், உன் அக்கா என்ன சொல்கிறார் என்று அவர்கள் மொழியில் கேட்டிருக்க வேண்டும். மாமா தயங்கினார். பெரியவர் விடவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கேட்டு முடித்ததும் பெரியவர் கோபமாகப் பேசத் தொடங்கினார். சத்தமில்லாத கோபம். மாமா இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சண்டை வந்துவிட்டது, நம்மைத் துரத்தப்போகிறார்கள் என்று நான் பயந்தேன்.

"என்னடா சொல்றாரு? என்னத்தான் திட்டறாரா?"

"உங்கள இல்லக்கா. என்னத்தான்." மாமா அவர் சொன்னதை அப்படியே சொன்னார். "'நீ இன்னும் உங்க அக்கா வீட்டு ஆளுதான். உன்னை நாங்க கட்டிக்கிட்டோம், எடுத்துக்கல. செத்தாக்கூட ஒரு ஆம்பள அவன் கூடப்பொறந்தவ வீட்டுக்குத்தான் சொந்தம். இத்தன வருஷம் அக்கா வீட்டு வாசல்ல போய் நிக்கலயா நீ? அக்கா மகளுக்குக் காவல் நிக்காதவன் எங்க வீட்டுக்கு எதுக்கு'ன்னு கேக்கறாரு."

பெரியவர் இன்னும் நிறுத்தவில்லை. மாமா பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அம்மா, சட்டென்று இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"போதும்னு சொல்லுடா. பாவம், உனக்கு லீவு கெடைக்கல. உன் மாமியாருக்கும் ஒடம்பு சரியில்ல. நாந்தான் போன்ல சரியாப் பேசல. அதையும் சொல்லு."

மாமா அதை மொழிபெயர்த்தாரா என்று தெரியாது. பெரியவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சால்வைக்குள்ளிருந்து ஒரு சிறு பையை எடுத்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, ஒரு துண்டுப் பாக்கை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். எங்கள் ஊர் முறைதானே என்று அம்மா தைரியமாக வாயில் போட்டுக்கொண்டார். அது பச்சைப் பாக்கு. சிறிது நேரத்தில் அம்மாவுக்கு முகமெல்லாம் வியர்த்து, காது சிவந்து, அந்தக் குளிரில் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். அத்தை விசிறினார். மாமா அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அம்மா தண்ணீரை வாங்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. பின்னால் குழல் ஊதிக்கொண்டே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, தட்டு தூக்க மாமாவும் அத்தையும் மாசாய்க்கு வந்தார்கள். அத்தையின் அண்ணன் எனக்கென்று ஒரு பவள மாலை கொடுத்தனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு எந்த நல்லது கெட்டதற்கும் மாமா வராமல் இருந்ததில்லை. எனக்கு இன்று கிடைத்திருக்கிற எத்தனையோ நல்லவற்றுக்கு, பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத அந்தப் பெரியவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் திரும்பி வந்த அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? விமான நிலையத்தில் அப்பா எங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "எங்க உன் தம்பி?" என்றார்.

"அவன் வீட்ல இருக்கான்," என்றார் அம்மா. கூட்டிவரப் போனவரை விட்டுவிட்டு வந்தவர், கார் போகிற வழியெல்லாம் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு விளக்கம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது. முன் இருக்கைக்கு நடுவே தலையை நீட்டி, அந்த ஊர்ப் பாக்கு ரொம்பக் காரம் என்றும், அதைத் தின்றுதான் அம்மா அவ்வளவு நேரம் அழுதார் என்றும் விவரமாகச் சொன்னேன்.