பெட்ரோலுக்கு அடியிலே தண்ணி

அந்தக் காரை நான் பெத்த பிள்ளை மாதிரி பாத்தேன். இப்ப அதைச் சொன்னா என் வாயில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிடலாம்னு இருக்கு. ஆனாலும் நெசம் அதுதான்.

அறுபதுகள்ல நடந்த சங்கதி. எங்க வீட்டுக்காரக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசக்காட்டுச் சம்சாரி. எனக்குப் பிறந்த ஊரு நாரணாபுரம். கல்யாணத்துக்கு முந்தி ஏழு வருசம் ஒரு பட்டாசுக் கம்பெனியில காகிதக் குழாய் உருட்டினவ நான். எங்க மாமியாளுக்கு அது கடைசி வரைக்கும் ஆகல. நிலபுலம் உள்ள வீட்டுக்கு வெடி சுத்துறவ வந்துட்டாளேன்னு வர்றவுக போறவுககிட்டயெல்லாம் அங்கலாய்ப்பாக. "ஏ வெடிக்காரி"ன்னுதான் என்னையக் கூப்பிடுறது.

எனக்கு அப்பனும் கிடையாது, ஆத்தாளும் கிடையாது. ஒரே ஒரு தம்பி. சீர்ச் சாமானோட சேந்து அவனும் என் கூடவே வந்துட்டான்னு வச்சுக்கோங்க. இருபத்தஞ்சு வயசுக்குள்ள லாரி ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கிட்டான். அடுத்தவன் வண்டியை எத்தனை நாளைக்கு ஓட்டுவான்? வீட்டுக்காரகளை ஆறு மாசம் அரிச்சு எடுத்தேன். கடைசியில ஒரு சோடி உழவு மாட்டையும் ஓடைக்கரைத் துண்டு நிலத்தையும் வித்து, விருதுநகர்ல ஒரு மில்லுக்காரர் கழிச்சுப் போட்ட பழைய இங்கிலீஷ் காரை வாங்கினாக. கறுப்பு வண்டி. சீசன் வந்தா வடக்க இருந்து ஆர்டர் குடுக்க ஏசண்டுக ரயில்ல வருவாக. அவுகளை விருதுநகர் ஸ்டேசன்ல ஏத்தி சிவகாசி, தாயில்பட்டின்னு கம்பெனி கம்பெனியாக் கூட்டிட்டுப் போற பொழப்பு.

வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்ட கதைன்னு மாமியா அன்னைக்கே சொல்லிட்டாக. வண்டி சம்பாரிச்சா என் தலை நிமிரும், படுத்துக்கிடுச்சுன்னா அந்த வீட்டுல நான் மனுசியா நடமாட முடியாது. அதனாலதான் அம்புட்டுக் கவனம் எனக்கு. காலையில துடைப்பேன், வெள்ளிக்கிழமை பூ வைப்பேன். மத்தியானம் ஈரச்சாக்குப் போடுவேன்.

சாக்கு விசயத்தைக் கொஞ்சம் சொல்லணும். கம்பெனியில கோடை வந்துட்டா மருந்து ரூம் வாசல்ல ஈரச்சாக்கு தொங்கும், தரையில தண்ணி தெளிச்சுக்கிட்டே இருப்போம். காஞ்சு கிடக்கிற இடத்துல ஒரு பொறி போதும். எதிர் ஷெட்டு போனதை என் கண்ணால பாத்தவ நான், அதுக்கு மேல அதைப் பேச எனக்குத் தெம்பில்ல. அப்படிப்பட்டவளுக்குப் பெட்ரோல் வாடை எப்படி இருக்கும்? எங்க வீட்டு வாசல்ல ஒரு மரம் கிடையாது. பங்குனி, சித்திரை வெயில்ல அந்த வண்டி கிடந்து கொதிக்கும். அதனால எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணசந்த நேரமாப் பாத்து, சாக்கைத் தொட்டியில முக்கி, பின்னால வானத்தைப் பாத்து இருக்கிற பெட்ரோல் மூடி மேல சொட்டச் சொட்டப் போட்டு வைப்பேன். அரை மணியில காஞ்சுரும். மறுபடி நனைப்பேன். அவுக எந்திரிக்கிறதுக்குள்ள எடுத்துருவேன், பாத்தா வெடிக்காரி புத்தின்னு கேலி பேசுவாக. தம்பி மட்டும் ஒருநாள் முழிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சான். இது வெடி இல்லக்கா, காருன்னான். பேசாமப் படுலேன்னு அதட்டிட்டேன்.

அது நான் கம்பெனியில இருந்து கொண்டாந்த சாக்கு. பசைச் சட்டியை மூடி வச்சிருந்தது. பூச்சியும் எலியும் பசையைத் திங்காம இருக்க அதுல மயில்துத்தம் போடுவாக. அந்த நீலம் சாக்குல திட்டுத் திட்டா ஏறிப் போயிருந்துச்சு.

வைகாசி கடைசியில வண்டிக்கு இருமல் வந்துருச்சு. காலையில நல்லாக் கிளம்பும், ரெண்டு மைல் போகும், அப்புறம் குலுக்கிக் குலுக்கி நின்னுரும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஓடும். தம்பி பிளக்கைக் கழத்தித் துடைச்சுப் பாத்தான். பெட்ரோல் குழாயை வாயில வச்சு ஊதி, உறிஞ்சி, துப்பி, சாயங்காலமானா சோறு இறங்காம உக்காந்திருப்பான். ஒண்ணும் பிடிபடல. ஏசண்டுக வேற வண்டிக்கு மாறிட்டாக.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில எவனோ எங்க வீட்டுக்காரக காதுல போட்டுட்டான், டிரைவருக பெட்ரோலை எடுத்து வித்துட்டு அளவுக்குத் தண்ணியை ஊத்தி வைப்பானுகன்னு. அன்னைக்குச் சாப்பிடுறப்ப, தம்பி பக்கத்துல உக்காந்திருக்கும்போதே, என்னையப் பாத்துச் சொன்னாக. "தண்ணி கலந்திருக்குன்னு மட்டும் தெரியட்டும். அப்புறம் அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது." தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல, எந்த மெக்கானிக்கிட்ட வேணும்னாலும் காட்டுங்க, தண்ணி இருந்தா நானே அவனை வெளிய தள்ளுறேன்னு சவடால் அடிச்சேன். எனக்கு எப்பவும் நாக்குதான் முந்தும்.

விருதுநகர்ல ஒரு பாய் இருந்தாக. வண்டி வேலையில அவுக கை வச்சா மறுகை கிடையாதுன்னு பேரு. வீட்டுக்காரகளுக்குப் பருத்தி மண்டியிலயும் வேலை இருந்துச்சு. மூணு பேரும் கிளம்பினோம். எட்டு இடத்துல நின்னு நின்னு போச்சு. விருதுநகருக்கு மூணு மைல் இருக்கையில சுத்தமாப் படுத்துருச்சு. மண்டியில பருத்தியை இறக்கிட்டு வெறும் வண்டியாத் திரும்பினவர் ஒருத்தர் இரக்கப்பட்டு, மாட்டு வண்டியைத் திருப்பிக் கயித்தைக் கட்டி இழுத்தாரு. மாட்டை வித்து வாங்கின காரை மாடு இழுத்துட்டுப் போகுதுன்னு வீட்டுக்காரக வழி நெடுகச் சொல்லிட்டே வந்தாக. எனக்கு எங்கயாவது இறங்கி ஓடிரலாமான்னு இருந்துச்சு.

பாய் அவசரப்படல. வண்டி வாங்கி எத்தனை மாசமாச்சு, என்ன செய்யுது, எம்புட்டு தூரத்துல நிக்குதுன்னு தம்பிகிட்ட விசாரிச்சாக. அப்புறம் பிளக் கம்பியைக் கழத்தி, இஞ்சின் இரும்புக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு, முன்னால ஹேண்டிலைப் போட்டு இஞ்சினைச் சுத்தச் சொன்னாக. டப்புன்னு நீலமா ஒரு பொறி பாஞ்சது. நான் கண்ணை இறுக மூடிக்கிட்டேன். பொறி நல்லா இருக்கு, அப்ப கோளாறு பெட்ரோல் வர்ற வழியிலதான்னாக.

பம்புக்கு அடியில கண்ணாடிக் கிண்ணம் ஒண்ணு உண்டு, பெட்ரோல்ல வர்ற கசடு தங்குறதுக்கு. அதைக் கழத்தித் துடைச்சு வெளிச்சத்துக்கு நேரா எங்க கண்ணு முன்னால பிடிச்சாக. மேல பாதி பெட்ரோல். கீழ பாதி தண்ணி. தண்ணியும் எண்ணெயும் மாதிரி நடுவுல கோடு போட்டது போல நின்னுச்சு.

வீட்டுக்காரக தம்பியைப் பாத்தாக. தம்பி அந்தக் கிண்ணத்தையே பாத்துட்டு நின்னான். அப்புறம் மெதுவாத் திரும்பி என்னையப் பாத்தான். சும்மா இல்ல, ரொம்ப நேரம் பாத்தான். நான் அந்தப் பார்வையைத் திருடன் முழிக்கிற முழின்னு நினைச்சேன்.

"நான்தான் அத்தான்," அப்படின்னான். "பெட்ரோலை வித்துட்டுத் தண்ணி ஊத்தினேன்."

பட்டறையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாக்க, அவன் கன்னத்துல ஓங்கி அறைஞ்சேன். குழாய் உருட்டி உருட்டி உரமேறின கை இது. களவாணிப் பயலே, உன்னைய இடுப்புல தூக்கி வளத்ததுக்கு இதுதானா கூலின்னு இன்னும் என்னென்னமோ கேட்டேன். எல்லாத்தையும் சொல்ல எனக்கே கூசுது. அவன் கன்னத்தைக் கூடத் தடவல. வீட்டுக்காரக, அவன் துணிமணியை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பு, வீட்டுப் பக்கம் வரவேண்டாம்னு ரொம்பச் சாந்தமாச் சொன்னாக. அவுக கத்தியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

பாய் எங்க பக்கமே பாக்காம வேலையைப் பாத்துக்கிட்டிருந்தாக. காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டரைப் பிரிச்சாக. உள்ள வெள்ளையும் பச்சையுமாப் பொருக்குத் தட்டி, பெட்ரோல் பீச்சுற சின்னத் துவாரம் அடைச்சுப் போயிருந்துச்சு. அதோட தகடு தொட்டா உதிருது. தண்ணி ஊத்திக் களவாண்ட வண்டி நிறையப் பாத்திருக்கேன் அண்ணாச்சி, வெறும் தண்ணி மூணு மாசத்துல இம்புட்டு அரிக்காதேன்னாக. அப்புறம் டேங்கை இறக்கிக் கவுத்தாக. துருத் தண்ணி கொட்டுச்சு. டேங்க் வாயில இருக்கிற சல்லடையை உருவி, அதுல சிக்கிக் கிடந்ததைச் சின்னக் கொறடால எடுத்து உள்ளங்கையில வச்சாக.

"இது சாக்கு நாரு மாதிரில்ல இருக்கு? நீலமா இருக்கே, என்ன சாக்கும்மா இது?"

ஏன் என்னையக் கேட்டாகன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. பொம்பளைக்குத்தான் சாக்கு, சரக்கு தெரியும்னு நினைச்சிருப்பாக. ரெண்டு மூணு நாரு, விரல் நீளம். அந்த நீலத்தை நான் ஏழு வருசம் விரல் இடுக்குல வச்சுக்கிட்டுத் திரிஞ்சவ. உச்சந்தலையில இடி விழுந்தது போல இருந்துச்சு. மூடியைத் திருகிக் காட்டினாக பாய், உள்ள இருக்க வேண்டிய ரப்பர் வாசர் எப்பவோ மக்கிப் போயிருக்கு, மேல விழுந்த தண்ணி பூராவும் நேரா டேங்குக்குள்ளதான்னு. நான் நனைச்சு நனைச்சுப் போட்ட தண்ணி. மயில்துத்தம் ஊறின, இரும்பையே அரிக்கிற தண்ணி. தீப்பிடிச்சிரக் கூடாதுன்னு நான் காத்த லட்சணம் இது.

அங்கனயே தரையில உக்காந்துட்டேன்.

"அது என் சாக்கு. அவன் திருடல. மூணு மாசமா நான்தான் தண்ணி ஊத்தியிருக்கேன்."

பக்கத்துல தகடு தட்டிக்கிட்டிருந்தவன் நிறுத்திட்டான். வீட்டுக்காரக அந்த நாரை வாங்கிப் பாத்தாக, என்னையப் பாத்தாக, அப்புறம் தம்பியைப் பாத்து, பெறகு ஏன்லே நீ ஒத்துக்கிட்டேன்னு கேட்டாக. அவன் குனிஞ்சு, கழத்திப் போட்ட மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சான்.

பாய்தான் பேச்சை மாத்தி, ஆக வேண்டியதைச் சொன்னாக. டேங்க் ஒட்டுப் போட லாயக்கில்ல, புதுசாத் தகட்டுல அடிக்கணும். பம்பும் கார்புரேட்டரும் மெட்ராஸ்ல பழைய சாமான்ல தேடணும், கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். எல்லாம் சேந்தா வண்டி வாங்கின விலையில பாதி ஆயிரும், இந்த சீசனுக்கு வண்டி கிடையாதுன்னாக. பாதி விலை. ஓடைக்கரைத் துண்டு ஏற்கனவே போச்சு, இனி மேக்க கிடக்கிற புஞ்சைக்காட்டைத்தான் விக்கணும். எனக்குக் கேட்டுச்சு, மண்டையில ஏறல. ஒரு ஈரச்சாக்கு ஒரு காட்டைத் தின்னுருமா? வீட்டுக்காரக துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "வேலையை ஆரம்பிங்க பாய்"ன்னு மட்டும் சொல்லிட்டு மண்டிப் பக்கம் நடந்தாக. என்னைய ஒரு வார்த்தை கேக்கல.

நானும் தம்பியும் பஸ் ஏறினோம். சாத்தூர் வரைக்கும் நான் அழுதுக்கிட்டே வந்தேன். அவன் சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டிருந்தான். கடைசியில கேட்டேன், கிண்ணத்துல தண்ணியைப் பாத்ததுமே உனக்குச் சாக்கு ஞாபகம் வந்துருச்சா? ஆமான்னு தலையாட்டினான். பெறகு ஏன்டா செய்யாத களவைச் செஞ்சேன்னு சொன்னே, உன் அத்தான் உன்னைய விரட்டிட்டாகள்லன்னு கேட்டேன்.

"விரட்டினா என்னக்கா? எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு ஒரு ஸ்டீரிங் கிடைக்கும். அந்த வீட்டுல இருந்து உன்னைய விரட்டினா நீ எங்கன போவே?"

என் விரல் அஞ்சும் அவன் கன்னத்துல செவசெவன்னு அப்படியே இருந்துச்சு. சாத்தூர்ல இறங்கினதும், ஏழாயிரம்பண்ணை பஸ்ஸுல அவன்தான் எங்க ரெண்டு பேருக்கும் இடம் பிடிச்சான்.