அப்பாவின் சுரங்களை வாசித்த ரேணுகா

ரேணுகா பயந்த சுபாவம். பேருந்து முழுதாக நின்ற பிறகுதான் ஏறப் போவாள். அதற்குள் அது கிளம்பிவிடும். குயிலாப்பாளையத்தில் ஒரு தங்கும் விடுதியில் அவளுக்கு வேலை. அங்கே தங்கியிருந்த ஒருவர் விட்டுப்போன அக்கார்டியனைத் தானே தடவித் தடவிப் பழகிக்கொண்டாள்.

என் அப்பா அப்பாதுரை போலீஸ் பேண்டில் யூஃபோனியம் வாசித்து ஓய்வு பெற்றவர். அவர், ரேணுகா, கிளாரினெட் சுரேஷ், வயலின் அஸ்வினி ஆகிய நால்வரும் ஞாயிறுதோறும் மரக்காணத்தில் எங்கள் வீட்டு மாடியில் கூடுவார்கள். மூன்று பேர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் வாசிக்கும்படி எழுதிய இசைத்தாள்களைத்தான் அப்பா தேடி வாங்குவார். அக்கார்டியன் தாளில் மேல்வரி வலது கைக்கு, கீழ்வரி இடது கைக்கு. கீழ்வரிச் சுரங்கள் சின்னதாக அச்சாகியிருக்கும். யூஃபோனியம் மாதிரி பேஸ் என்னும் அடிக்குரல் வாத்தியம் இல்லாதபோது மட்டும் அவற்றை வாசிக்க வேண்டும். இருக்கும்போது வாசித்தால் ஒலி குழம்பிவிடும். அப்பா ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அதனால் ரேணுகாவின் இடது கை துருத்தியை இழுத்துத் தள்ளியதோடு சரி.

ஐப்பசியில் அப்பா போய்விட்டார். படத்திறப்பில் அவருக்குப் பிடித்த வால்ட்ஸ் மெட்டை வாசிக்க வேண்டும் என்று அம்மா கேட்டாள். அன்றிலிருந்து ரேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இடது கைப் பித்தான்கள் வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றில் சிறு குழி இருக்கும். அதை வைத்துத்தான் மற்றவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். தாளில் மேஜருக்கான பெரிய எம் போட்டிருந்தால் ஒரு வரிசை, மைனருக்கான சின்ன எம் என்றால் அதற்கடுத்த வரிசை. பிசகினால் ஒரு சுரம் மட்டுமல்ல, சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களும், அந்தக் கார்டு முழுவதுமே, தப்பாக ஒலிக்கும்.

"சின்ன நோட்டெல்லாம் வுட்டுடலாங்க்கா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான் சுரேஷ்.

"சார் ஊட்டம்மாவுக்குத் தெரியும்."

"அப்ப அந்தக் குழியப் புடிச்சிக்கங்க. நம்ம ரோட்ல இல்லாத குழியா?"

அவள் சிரிக்கவில்லை. சுரேஷ் "ஒன், டூ, த்ரீ" சொல்ல, தட்டுத்தடுமாறி ஒத்திகையை முடித்தாள்.

படத்திறப்பன்று உப்பளக்காரர்களும் பக்கத்து ஊரான அனுமந்தைச் சனங்களும் பந்தலை நிறைத்திருந்தார்கள். திரையை விலக்கி மாலை போட்டார்கள். பந்தல் அடங்கியது. அந்தப் படத்துக்கு முன்னால் "ஒன், டூ" என்று எண்ணச் சுரேஷுக்கு வாய் வரவில்லை. அப்பா இருந்தவரை யாரும் எண்ணியதே இல்லை. அவர் வாத்தியத்தைத் தூக்கிப் பெரிதாக ஒரு மூச்சு இழுப்பார். அந்தச் சத்தத்தில் எல்லாரும் சேர்ந்து தொடங்குவார்கள். வராதவரின் சுரங்கள் தாளில் இருந்தன. மூச்சு இல்லை. மூவரும் அதற்காகவே நின்றார்கள்.

அம்மா நிமிர்ந்தாள். "ஏம்மா, அவரு வரட்டும்னு நிக்கிறீங்களா?"

ரேணுகா வாத்தியத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடிவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் கட்டைவிரலால் காற்றுப் பித்தானை அழுத்தித் துருத்தியை விரித்தாள். சுரம் எழவில்லை, காற்று மட்டும் இரைந்து உள்ளே போனது. மூவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள்.

இடது கையின் முதல் கார்டே தப்பு. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். விரல்கள் ஒரு வரிசை நகர்ந்தன. அடுத்தது சரியாக விழுந்தது. அப்பாவின் வரி, அவருடையதைவிட மெலிந்த குரலில், முடிவு வரை போயிற்று.

பிறகு கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நெஞ்சு இன்னும் அடிச்சிக்குதுங்க. பாண்டியில யாராவது பேஸ் வாசிக்கிறவங்க கெடைப்பாங்களான்னு விசாரிங்களேன்."

விசாரித்தேன். யாரும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறன்று அவளை அவள் கணவர் ராஜவேல் வண்டியில் கொண்டுவந்து விட்டார். அவள் மாடியேறிப் போனாள்.

"வழியெல்லாம் வண்டியத் திருப்பு திருப்புன்னு சொல்லிக்கினே வந்துச்சுங்க," என்றார்.

"திருப்பியிருக்கலாமே?"

"எங்கங்க? அந்தப் பொட்டிய முதுவுல மாட்டிக்கினுதானே சொல்லுது."