சாச்சா ஆக்கிய கொரியா சூப்

புதுப்பெண் என்றால் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், எனக்கு மிட்டாய் வாங்கித் தர வேண்டும் என்றுதான் எட்டு வயதில் நான் நினைத்திருந்தேன். வாப்பாவின் தம்பி, அதாவது என் சாச்சா, பக்கத்து ஊரான த்வாண்டேயிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாச்சியோ எங்கள் ரங்கூன் வீட்டின் முன்னறை நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தே இருந்தார். சிரிப்பும் இல்லை, மிட்டாயும் இல்லை.

உம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் பிரியாணி, மறுநாள் வட்டிலப்பம் என்று சாச்சியைத் தாங்கினார். ஆனால் சாச்சி சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், "ஐயையோ, நீ ஏன் புள்ள இங்க வந்தே? போய் உக்காரு" என்று விரட்டிவிடுவார். புதுப்பெண் நாற்பது நாளைக்கு அடுப்படியில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்து மரியாதை. வைத்தால், வந்த மாதமே வேலை வாங்குகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரிகள் பேசியே கொன்றுவிடுவார்கள்.

சாச்சி தட்டில் இருப்பதைக் கொறித்துவிட்டு எழுந்துவிடுவார். சாயந்தரம் டிவியில் கொரியா நாடகம் ஓடும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளியும். அதற்குள் விஷயம் த்வாண்டே வரை போய்விட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாச்சியின் வாப்பா வருகிறார், மகள் முகம் சரியில்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று வீட்டில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சாச்சாவே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கும் கவலைதான். சாச்சி போய்விட்டால் நான் யாரோடு நாடகம் பார்ப்பது?

வியாழக்கிழமை நாடகத்தில் மழை கொட்டியது. கதாநாயகியின் அம்மா மாவைத் தேய்த்து, மடித்து, கத்தியால் ரிப்பன் ரிப்பனாக வெட்டிக் கொதிக்கிற சூப்பில் போட்டாள். அதைக் குடித்த கதாநாயகி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். சாச்சி என் காதில், "இது மாதிரி ஒண்ணு சுடச்சுடக் கெடச்சா நல்லாருக்கும்ல" என்றார். நான் சும்மா இருப்பேனா? ஓடிப்போய்ச் சாச்சாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"இவ்வளவுதானா? நானே ஆக்குறேன்!" என்று துள்ளி எழுந்தார் சாச்சா. மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி, கீழ்க்கடையிலிருந்து மைதா, சுரைக்காய், வெங்காயத்தாள் எல்லாவற்றையும் நான்தான் மேலே இழுத்தேன். சாச்சா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இறங்கினார். உம்மா அடுப்படி வாசலில் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! கொரியாக்காரர்கள் கருவாடு போட்டுத்தான் சூப் வைப்பார்களாம். உடனே, உம்மா பத்திரப்படுத்தியிருந்த மாசிக் கருவாட்டைச் சாச்சா முழுக்கட்டையாகப் பானைக்குள் போட்டார். மைதாவில் வெந்நீரை ஊற்றி ஊற்றிக் களியாக்கினார். "கத்தி என்ன கத்தி, நம்மகிட்ட மெஷினே இருக்கு" என்று அதை இடியாப்ப உரலில் அடைத்துப் பானைக்கு மேலே பிழிந்தார். விழுந்ததில் ஒரு நூல்கூட நூலாக நிற்கவில்லை. எல்லாம் கரைந்து, கொழகொழவென்று பொங்கி வழிந்து, அடுப்பையே அணைத்தது. சாச்சாவின் மீசையிலும் சுவரிலும் என் தலையிலும் மாவு. எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. உம்மா மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை, தோள் குலுங்கியது. மைதா வீணாகிவிட்டதே என்று அழுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"யா அல்லா! இப்படியா மாவு பெசைவாங்க? தள்ளுங்க, தள்ளுங்க!"

சாச்சிதான். பர்மாப் பெண்கள் கட்டும் தமெய்ன் கைலியை இடுப்பில் ஏற்றிச் செருகிக்கொண்டு, உம்மாவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. குடும்பத்து மரியாதை என்ன ஆவது? உம்மாவோ பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சாச்சியின் கை ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மாவைக் கெட்டியாகப் பிசைந்து ஈரத்துணியால் மூடினார். மாசியை இடித்துப் போட்டு, வேறு பானையில் கொதிக்கவிட்டு வடிகட்டினார். மாவைத் தேய்த்து, மடித்து, வெட்டி, உதறினார். வெட்டிக்கொண்டே வாய் ஓயாமல் பேசினார். த்வாண்டேயில் வீடு முழுக்க இருக்கிற ஆட்களுக்கு அவர்தான் ஆக்கிப் போடுவாராம். இங்கே வந்து கையைக் கட்டி உட்கார்ந்ததில் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்ததாம். தமிழில் ஆரம்பித்துப் பர்மியத்தில் முடித்தார். சாச்சா பானையிலிருந்து ஒரு வாய் திருடப் போக, கரண்டியால் கையில் ஒன்று வைத்தார். வைத்துவிட்டுச் சிரித்தார்! சாச்சிக்குத் தெற்றுப்பல் உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எல்லோரும் தரையில் உட்கார்ந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தோம். என்ன ருசி! வாப்பா இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார். மறுநாள் சாச்சியின் வாப்பா வந்து முன்னறையில் மகளைத் தேடினார். அடுப்படியிலிருந்து வேர்த்த முகத்தோடு எட்டிப் பார்த்த சாச்சி, "வாப்பா, உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். மனிதர் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினார்.

எங்கள் சாச்சாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அவரும் மறுக்கவே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை. போன பெருநாளன்று எல்லோரையும் வைத்துக்கொண்டு இதையே சொல்லி அவரைக் கேலி செய்தேன். உம்மா பொறுக்க மாட்டாமல், "போடி இவளே! நீ பொறந்து நான் காய்ச்சலாக் கெடந்தப்ப, இந்த வீட்டுக்கே மூணு வேளையும் ருசியா ஆக்கிப் போட்டது யாருன்னு நெனச்சே?" என்றார்.

சாச்சியும் நானும் ஒரே நேரத்தில் சாச்சாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"அப்ப, அன்னைக்கு வேணும்னேதான்..." என்று ஆரம்பித்த சாச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. சாச்சா வேறு ஏதோ வேலை இருப்பது போல அவசரமாக எழுந்து வெளியே போனார்.